புலமைப்பரிசிலும் பறிபோகும் பிள்ளைப் பருவமும்

இலங்கையில் ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழப் பத்து வயதில் ஒரு பொதுப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். 2024 ஆம் ஆண்டில் இவர்களுள் ஏறக்குறைய எண்பதினாயிரம் பேர் தமிழ்மொழி மூலம் கற்றவர்கள். பரீட்சை ஒரே முற்பகலில் முடிந்துவிடும். முதலாம் வினாத்தாளில் நாற்பது வினாக்கள். நேரம் ஒரு மணி. இரண்டாம் வினாத்தாளில் அறுபது வினாக்கள். நேரம் ஒன்றேகால் மணி. இரண்டாம் வினாத்தாளில் ஒரு வினாவை வாசித்து, விளங்கி, விடையெழுதுவதற்குப் பிள்ளைக்குக் கிடைப்பது எழுபத்தைந்து வினாடி மட்டுமே. மொத்தப் புள்ளி இருநூறு. மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப ஒரு வெட்டுப்புள்ளி பின்னர் அறிவிக்கப்படும். அதனைத் தாண்டுவோர் தோற்றியோருள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர். எஞ்சிய ஐந்து பங்கினருக்குத் தாம் தோற்றவர் என்ற செய்தி பத்து வயதிலேயே அரச முத்திரையுடன் வழங்கப்படுகின்றது.

இப்பரீட்சை ஒழிக்கப்படல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். திருத்தப்படல் வேண்டும், இலகுவாக்கப்படல் வேண்டும், வினாக்களின் தரம் மீளாய்வு செய்யப்படல் வேண்டும் என்பனவெல்லாம் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவன. அவற்றைச் சொல்வோர் நல்லெண்ணம் படைத்தவர்கள். ஆயினும் தவறான ஓர் அளவுகோலைத் துடைத்து மினுக்குவதால் அது சரியான அளவுகோலாகிவிடாது.

முதலில் இதன் தோற்றத்தை நோக்குதல் தகும். 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அக்காலத்திற் கிராமப்புறங்களில் நிறுவப்பட்ட மத்திய பாடசாலைகள், நகரத்து மிசன் கல்லூரிகளின் ஏகபோகத்தை உடைப்பதற்கென எழுந்தவை. விடுதி வசதியோடு கூடிய அப்பாடசாலைகளுக்கு வறிய, திறமை மிக்க கிராமத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்வதற்காகவே புலமைப்பரிசில் உருவாயிற்று. விவசாயியின் மகனும் கூலித் தொழிலாளியின் மகளும் ஆங்கில மூலம் உயர்கல்வியைத் தொடுவதற்கு அமைந்த வழி அது. அதன் வரலாற்றுப் பங்கினை மறுப்பது அறியாமை. இப்பல்கலைக்கழகங்களின் முதற் தலைமுறைக் கிராமப்புற மாணவர்களில் எத்தனையோ பேர் அவ்வழியே வந்தவர்கள்.

ஆனால் ஒரு நிறுவனம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது வேறு, அது இன்று யாருக்குப் பயன்படுகின்றது என்பது வேறு. உதவிப்பணம் குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. மாதம் 750 ரூபாவாயிருந்த அத்தொகையை 1,500 ரூபாவாக உயர்த்த 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. இப்பணத்துக்காகவா மூன்று இலட்சம் குடும்பங்கள் இரண்டாண்டுகள் உறக்கமின்றி அலைகின்றன? வைத்தியரும் பொறியியலாளரும் வங்கி முகாமையாளரும் விரிவுரையாளரும் தம் பிள்ளைகளை ஏன் இப்பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகின்றனர்? அவர்களுக்கு வேண்டியது ஆறாந்தரத்தில் ஒரு பிரபல பாடசாலையின் அனுமதி. நாட்டில் அரச பாடசாலைகள் பத்தாயிரத்தை அண்மித்தவை. அவற்றுள் தேசிய பாடசாலைகள் ஏறத்தாழ நானூறு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஏறத்தாழ ஆயிரம். இவ்வேற்றத்தாழ்வே பரீட்சையின் உண்மையான வினாத்தாள். புலமைப்பரிசில் என்ற பெயர் அதன் மீது போர்த்தப்பட்ட பழைய சால்வை.

இனிப் பிள்ளையின் ஒரு நாளைக் கணக்கிடுவோம். எமது நகரங்களிற் சாதாரணமாகக் காணப்படும் நேர ஒழுங்கு இது. காலை ஆறே முக்காலுக்கு மேலதிக வகுப்பு. ஏழரை முதல் ஒன்றரை வரை பாடசாலை. இரண்டரை முதல் ஐந்தரை வரை ரியூசன். இரவு ஏழு முதல் ஒன்பது வரை வீட்டில் மாதிரி வினாத்தாள். ஆக நாளொன்றுக்குப் பதினொன்றே முக்கால் மணி நேரம். சனிக்கிழமை ஆறு மணி நேரமும் ஞாயிறு மூன்று மணி நேரமும் சேர்த்தால் வாரத்துக்கு அறுபத்தேழு மணி நேரத்துக்கு மேலாகின்றது. சர்வதேசத் தொழில் தாபனம் 1919 இல் நிறைவேற்றிய தனது முதலாவது சமவாயத்தில் ஆலைத் தொழிலாளிக்கு வகுத்த எல்லை நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி. அவ்வெட்டு மணி நேரத்துக்காகச் சிக்காகோவிற் சிந்தப்பட்ட குருதியை மே தினந்தோறும் நினைவுகூர்கின்றோம். மேடையிலிருந்து இறங்கி வீடு சென்றதும், வளர்ந்த தொழிலாளிக்குக் கூடாதென்று நாம் முழங்கிய உழைப்பு நேரத்தைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கின்றோம்.

சட்டத்தின் முரண்பாடும் நகைப்புக்கிடமானது. பிள்ளைகளைத் தொழிலுக்கமர்த்துவதற்கான ஆகக் குறைந்த வயதை 2021 இல் இந்நாடு பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தியது. ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பிள்ளைக்குள்ள உரிமையை ஏற்கும் சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991 இலேயே ஏற்றுறுதிப்படுத்தியது. தேநீர்க் கடையிற் கோப்பை கழுவும் பத்து வயதுச் சிறுவனைக் கண்டால் நன்னடத்தை அலுவலரை அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். தகரக் கொட்டகையின் கீழ் இருநூறு பேர் நெருங்கியிருக்க, ஒலிபெருக்கியிற் கத்தும் ஆசிரியர் முன் மூன்று மணி நேரம் குனிந்திருக்கும் அதே வயதுச் சிறுவனுக்கு எந்த அலுவலரும் இல்லர். ஆண்டுதோறும் பரீட்சைத் திணைக்களம் பரீட்சைக்குச் சில நாள் முன்னதாக, குறித்த நாள் நள்ளிரவிலிருந்து வகுப்புகள், கருத்தரங்குகள், மாதிரி வினாத்தாள் விநியோகம் ஆகியவற்றைத் தடைசெய்கின்றது. மீறுவோரைப் பற்றிப் பொலிசில் முறையிடுமாறும் கேட்கின்றது. பொலிசாரைக் கொண்டு காக்க வேண்டிய நிலையில் ஆரம்பக் கல்வி இருக்கின்றதென்பதை அரசே ஒப்புக்கொள்ளும் நாள்கள் அவை.

2024 ஆம் ஆண்டுப் பரீட்சையின் முதலாம் வினாத்தாளிலிருந்து மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளிப்பட்ட விவகாரம் யாவரும் அறிந்தது. விடைத்தாள் மதிப்பீடு நின்றது. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. செப்டெம்பரில் எழுதிய பரீட்சைக்குப் பெறுபேறு 2025 சனவரியிலேயே வெளிவந்தது. மறுபரீட்சை வருமா, இலவசப் புள்ளி வருமா என்று மூன்று மாதங்களுக்கு மேலாக அப்பிள்ளைகள் காத்திருந்தனர். அதற்கு முன்னர், பெருந்தொற்றுக் காலத்தில், 2021 க்குரிய பரீட்சை 2022 சனவரி 22 இல் நடைபெற்றது. நாடே முடங்கிக் கிடந்தபோதும் அப்பிள்ளைகளின் மாதிரி வினாத்தாள் முடங்கவில்லை. கைத்தொலைபேசி வழியே வந்து சேர்ந்தது. கைத்தொலைபேசி இல்லாத வீட்டுக்கு அதுவும் வரவில்லை.

பாடசாலைக்குள் நிகழ்வதையும் பார்க்க வேண்டும். நான்காந்தரத்தின் இறுதித் தவணை தொடக்கம் சித்திரப் பாடவேளையும் சங்கீதப் பாடவேளையும் உடற்கல்விப் பாடவேளையும் நேரசூசியில் மட்டும் உயிர்வாழ்கின்றன. அவ்வேளைகளில் வினாத்தாள் நடைபெறும். ஆரம்பப் பிரிவின் ஆற்றல் மிக்க ஆசிரியர் ஐந்தாந்தரத்துக்கு ஒதுக்கப்படுவார். எழுத்தறிமுகஞ் செய்ய வேண்டிய முதலாந்தரத்துக்கு யார் எஞ்சுகின்றாரோ அவர். கல்வியியல் தலைகீழாக நிற்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அத்திவாரம் இட்டவரை யாரும் பாராட்டுவதில்லை. கூரையிற் கொடி கட்டியவருக்கே மாலை. அதிபரின் பெயரும் வலயக் கல்விப் பணிமனையின் பெருமையும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியோரின் தொகையிலேயே தங்கியிருக்கும்போது வேறெதனை எதிர்பார்க்கலாம்?

மொழிப் பாடத்துக்கு நேர்ந்ததைத் தமிழ்ச் சங்கத்தின் ஏட்டிலேனும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் போன்றோர் எம் மண்ணின் பிள்ளைகளுக்கெனப் பாட்டு இயற்றினர். பிள்ளை பாட வேண்டும், சிரிக்க வேண்டும், ஆட வேண்டும் என்பதே அப்பாட்டுகளின் நோக்கம். இன்று பாட்டு பிள்ளையிடம் வருவது அடியிற் கோடிட்டு. கோடிட்ட சொல்லின் எதிர்க்கருத்து யாது? ஒத்தகருத்துச் சொல் யாது? பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு. அதன் கீழும் கோடு. கதைப் புத்தகம் வாசிக்கும் பிள்ளையை ‘நேரத்தை வீணாக்காதே’ என்று கடியும் பெற்றார் எத்தனை பேர்! இப்படி வளர்ந்த பிள்ளை பத்தாண்டுகளின் பின் தமிழ்த்துறைக்கு வந்து, சுருக்கக் குறிப்புத் தாருங்கள் என்று விரிவுரையாளரிடம் கேட்கும்போது, மாணவரின் வாசிப்புக் குறைந்துவிட்டதெனக் கட்டுரை எழுதுகின்றோம்.

எமது இலக்கிய மரபு பிள்ளைப் பருவத்தைப் பத்தாக வகுத்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அவ்விடத்தில் அம்மானை, கழங்கு, ஊசல் முதலியன வரும். பிள்ளை வளர்வதை விளையாட்டைக் கொண்டே அளந்த மரபு இது. இதனைப் பொற்காலமென்று புகழ்வது எம் நோக்கமன்று. பிள்ளைத்தமிழ் தெய்வத்துக்கும் அரசனுக்கும் பாடப்பட்டது. உழைப்போர் வீட்டுப் பிள்ளை அந்நாளில் மாடு மேய்த்தது. வரம்பிற் காகம் விரட்டியது. பிள்ளைப் பருவமென்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய உரிமையெனக் கொள்ளப்பட்டது அண்மைய வரலாற்றிலேயே. அதற்கு ஆலைச் சட்டங்களும் கட்டாயக் கல்விச் சட்டங்களும் நீண்ட போராட்டங்களும் வேண்டியிருந்தன. வேதனைக்குரிய முரண் யாதெனில், வறிய பிள்ளையை வயலிலிருந்தும் ஆலையிலிருந்தும் மீட்டெடுத்த அதே பாடசாலை இன்று அப்பிள்ளையிடம் வேறொரு பெயரில் உழைப்பைக் கேட்பதாகும்.

இவ்வுழைப்பின் பலன் யாரைச் சேருகின்றது? பெறுபேறு வெளிவந்த அன்று மாலை சந்திகளில் ஏறும் பதாகைகளைப் பாருங்கள். பிள்ளையின் படத்தினும் பெரிதாகத் தனியார் கல்வி நிலையத்தின் பெயர் இருக்கும். முகநூலிலே தாயாரின் அறிவிப்பு. கீழே நூறு வாழ்த்து. இரண்டாண்டுகள் வகுப்பு வாசலில் மர நிழலிற் காத்திருந்த அத்தாயை இகழ நாம் இதனை எழுதவில்லை. குடும்பத்தின் முழு எதிர்காலத்தையும் ஒரு பிள்ளையின் பென்சில் முனையில் நிறுத்துமாறு அவளை நிர்ப்பந்தித்த சமூக அமைப்பே குற்றவாளி. ஆயினும் அடுத்த வீட்டுப் பிள்ளை எடுத்த புள்ளியோடு தன் பிள்ளையின் புள்ளியைக் கழித்துப் பார்த்து, அக்கழிவுக்கு ஏற்ப அடிக்கும் கை ஒரு மனிதக் கையென்பதையும் மறக்கலாகாது. எழுபது புள்ளி பெற்றாற் சித்தி என்று விதி கூறுகின்றது. நூற்றிருபது பெற்ற பிள்ளையை ‘பெயில்’ என்று ஊர் கூறுகின்றது.

மலையகத்தை நோக்கினால் நிலைமை இன்னும் தெளிவாகும். தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் 1970 களிலேயே அரசினாற் பொறுப்பேற்கப்பட்டன. இலயத்து அறையொன்றில் ஏழெட்டுப் பேரோடு வாழும் பிள்ளை, தாய் கொழுந்து பறித்துத் திரும்பும் வரை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு, ஆசிரியர் போதாத ஆரம்பப் பாடசாலையிற் கற்று, நுவரெலியா நகரத்தில் இரண்டு ரியூசனுக்குச் செல்லும் பிள்ளையோடு ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளியின் கீழ் நிறுத்தப்படுகின்றது. இதனைச் சமவாய்ப்பு என்பர். மாவட்ட அளவில் ஏற்றத்தாழ்வைக் கணக்கிலெடுக்கும் முறை, மாவட்டத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காணக் கண்ணற்றது. பல்கலைக்கழக அனுமதியின் தரப்படுத்தலைப் பற்றி அரை நூற்றாண்டாகப் பேசிவரும் எமக்கு இது விளங்காதிருக்க முடியாது. எனினும் யாழ்ப்பாணத்தின் தீவகத்துப் பிள்ளையைப் பற்றியோ வன்னியின் மீள்குடியேற்றக் கிராமத்துப் பிள்ளையைப் பற்றியோ இதே கேள்வியை எழுப்ப நாம் விரைவதில்லை.

இங்கு எதிர்வாதங்களைச் சந்திக்க வேண்டும். போட்டி வாழ்க்கையின் நியதி, சிறு வயதிலேயே பழகட்டும் என்பாரை விட்டுவிடலாம். பசியும் வாழ்க்கையிற் பலருக்கு நேர்வதே, அதனைப் பழக்குவதற்காகப் பிள்ளையைப் பட்டினி போடுவாரில்லை. வலிமையான எதிர்வாதம் வேறொன்று. பரீட்சையை ஒழித்தாற் பிரபல பாடசாலைகளின் கதவு பணத்துக்கும் சிபாரிசுக்கும் மட்டுமே திறக்கும். இன்றேனும் சாதாரண வீட்டுப் பிள்ளை புள்ளியைக் காட்டி உள்ளே போகலாம் என்பர். இவ்வச்சம் நியாயமானது. முதலாந்தர அனுமதிக்காகப் பொய்யான வதிவிடச் சான்றும் வாடகை உடன்படிக்கையும் ஆக்கப்படும் நாடு இது. அக்கேவலத்தோடு ஒப்பிடுகையில் வினாத்தாள் நேர்மையானதே.

ஆனால் அந்நேர்மை வாசலில் மட்டும் நிற்பது. வாசல் வரை வரும் வழிக்கு விலையுண்டு. அவ்விலையைச் செலுத்துவது ரியூசன் கட்டணமாகவும், வேலையை விட்ட தாயின் இழந்த சம்பளமாகவும், அடகு வைத்த நகையாகவும். அன்றியும், பரீட்சை ஓர் ஊர்ப் பாடசாலையிலிருந்து ஆண்டுதோறும் அதன் மிகச் சிறந்த மூவரையோ ஐவரையோ பிடுங்கிச் செல்கின்றது. அவர்களோடு அவர்களின் பெற்றாரும் போகின்றனர். அதாவது அதிபரைக் கேள்வி கேட்கவும், கட்டடத்துக்காக அலையவும், ஆசிரியர் வராதபோது பணிமனைக்குச் சென்று சத்தமிடவும் கூடிய பெற்றார். எஞ்சிய பாடசாலை ஆண்டுக்காண்டு மெலிகின்றது. மெலிந்த பாடசாலையிலிருந்து தப்புவதற்கு அடுத்த ஆண்டு இன்னும் கூடுதலான பெற்றார் பரீட்சையை நாடுகின்றனர். நோயே தன் மருந்துக்கு வாடிக்கையாளரை உண்டாக்கும் விந்தை இது. சிபாரிசை ஒழிக்க வேண்டுமாயின், ஒரு சில பாடசாலைகளின் அனுமதிக்கு உள்ள அந்த விபரீத விலையை ஒழிக்க வேண்டும். ஆறாந்தரத்துக்கு வீட்டுக்கு அண்மிய இடைநிலைப் பாடசாலை. அப்பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூடமும் கணித ஆசிரியரும். உதவிப்பணத்துக்கு வருமான விசாரணையே போதும், பிள்ளையின் மூளையைச் சோதிக்க வேண்டியதில்லை. இது பெருஞ் செலவுடையது என்பர். செலவு இப்பொழுதும் நடைபெறுகின்றது. ஏழைகளின் சட்டைப் பையிலிருந்து, தனித்தனியாக, கணக்கில் வராமல்.

பத்து வயதிற் பிள்ளையின் ஆற்றலை அளந்துவிடலாமென்ற நம்பிக்கை எமது சொந்த நம்பிக்கையுமன்று. இங்கிலாந்தில் 1944 இன் கல்விச் சட்டத்தின் பின் பதினொரு வயதுப் பிள்ளைகள் ஒரு பரீட்சையினாற் பிரிக்கப்பட்டனர். நுண்ணறிவு பிறவியிலேயே பெரிதும் தீர்மானமாகிவிடுகின்றது என்ற உளவியலாளர் சிரில் பேர்ட்டின் கொள்கை அதற்குத் துணைநின்றது. 1970 களில் அவரது இரட்டையர் ஆய்வின் தரவுகளே ஐயத்துக்குள்ளாயின. அதற்கு முன்னரே, 1965 இன் சுற்றறிக்கையோடு, அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகள் அத்தெரிவு முறையைக் கைவிடத் தொடங்கிவிட்டன; இன்று ஒரு சில மாவட்டங்களிலேயே அது எஞ்சியுள்ளது. பின்லாந்து 1970 களிற் பொதுப் பாடசாலை முறைக்கு மாறி, பதினாறு வயது வரை பிள்ளைகளைப் பிரிக்காது கற்பிக்கின்றது. பியாசேயின் வகுப்பை ஏற்பினும், கருத்துநிலைச் சிந்தனை பதினொன்று, பன்னிரண்டு வயதளவிலேயே அரும்பத் தொடங்குகின்றது. அரும்பு கட்டுமுன் மலரின் நிறத்தைத் தீர்ப்புச் சொல்கின்றோம்.

இதற்கு ஆய்வு தேடி அலைய வேண்டியதுமில்லை. இவ்வளாகத்தின் விடுதிகளிற் கேட்டுப் பாருங்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டாதவர் எத்தனையோ பேர் இங்கு மருத்துவமும் பொறியியலும் சட்டமும் கற்கின்றனர். அப்பரீட்சையின் தீர்ப்புப் பிழையென்பதற்கு அவர்களே உயிருள்ள சாட்சி. தாண்டியவர்களோ, ‘நாமும் அப்படித்தான் படித்தோம், கெட்டுவிடவில்லையே’ என்பர். வென்றவர் சொல்லும் சாட்சியத்தால் ஒரு போட்டியின் நியாயம் நிறுவப்படுவதில்லை. ஐந்தாந்தரத்தோடு தன்னை மக்கு என்று முடிவுகட்டிக்கொண்டு, சாதாரணதரத்தோடு விலகிக்கொண்டவரின் சாட்சியம் இவ்விதழுக்கு எட்டுவதேயில்லை.

ஆகவே சில சொற்கள் எம்மை நோக்கியும். மாலை வேளைகளில் ஐந்தாந்தர வகுப்பெடுத்துத் தம் விடுதிச் செலவைச் சமாளிக்கும் மாணவர் எம்மிடையே உள்ளனர். மகாபொல உதவிப்பணம் மாத நடுவில் தீர்ந்துவிடும் நிலையில் அவர்களைக் குறைகூறுவது எளிது. நாம் அதனைச் செய்யவில்லை. ஆனால் தேவையால் உந்தப்படாத சங்கங்களின் நிலை வேறு. பல்கலைக்கழக மாணவ அமைப்புகளும் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்தோரின் நிதியோடு மாதிரிப் பரீட்சையும் வழிகாட்டிக் கருத்தரங்கும் நடத்துவதைச் சமூகத் தொண்டு என்று அறிக்கையிற் பதிகின்றன. பின்தங்கிய கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளையின் வினாத்தாள் கிடைக்கட்டுமே என்பது அவர்களின் எண்ணம். அதன் விளைவு, இதுவரை வேப்பமரத்தடியில் கிளித்தட்டு ஆடிக்கொண்டிருந்த கடைசிப் பிள்ளையையும் அறுபத்தேழு மணி நேர வாரத்துக்குள் இழுத்து வருவதே.

அடுத்த கல்வியாண்டுக்கான எமது சங்கத்தின் செயற்றிட்டத்தில் ஐந்தாந்தர மாதிரிப் பரீட்சையோ கருத்தரங்கோ இடம்பெறலாகாது என்று பொதுக்கூட்டத்தில் முன்மொழிய விரும்புகின்றேன். அதற்கென ஒதுக்கப்படும் நிதியை, ஆரம்பப் பாடசாலைகள் இரண்டிலோ மூன்றிலோ கதைப் புத்தகங்களும் ஒரு பந்தும் ஒரு மாலை நேரப் பொறுப்பாளரும் உள்ள வாசிப்பறைகளுக்குச் செலவிடலாம். அங்கு வரவுப் பதிவு வேண்டாம். புள்ளி வேண்டாம். பரிசளிப்பும் வேண்டாம். வழிமொழிவதற்கு ஒருவர் தேவை.